முட்டைக்குழி எண் 23

கடல் ஆமை முட்டைகளைப் பாதுகாக்கும் வேலைக்குச் சேர்ந்த முதல் நாள் என் கையில் கொடுத்தது மண்வெட்டி. பைனாகுலர் தருவார்கள், குறைந்தபட்சம் ஒரு தொப்பியாவது தருவார்கள் என்று நினைத்துக்கொண்டுதான் திருமங்கலத்திலிருந்து சீர்காழிக்கு பஸ் ஏறியிருந்தேன். 2025 ஜனவரி. கரையில் ஒரு பங்குனி ஆமை (ஆலிவ் ரிட்லி என்னும் கடல் ஆமை) செத்து ஒதுங்கிக் கிடந்தது. கழுத்து வீங்கி, கண் பிதுங்கியிருந்தது. அதைப் புதைக்க வேண்டும்.

"மூணடியாவது தோண்டு பாப்பா. இல்லன்னா ராத்திரியே நாய் கிளறிப் போட்டுரும்" என்றார் அண்ணன். அவர் அந்த ஊர் மீனவர். ஐந்து மாதம் ஆமைக் காவலர், மற்ற மாதங்களில் கடலுக்குப் போகிறவர். இந்தக் கட்டுரை முழுக்க அவர் 'அண்ணன்'தான்.

கடற்கரை மணலில் மூன்றடிக் குழி என்பது கேட்பதற்கு எளிது. தோண்டத் தோண்டச் சரியும். ஒரு மணி நேரம் ஆனது. புதைப்பதற்கு முன்னால் தையல்காரர் நாடாவால் ஓட்டை அளக்க வேண்டும் (நீளம் 67 செ.மீ.), வாலைப் பார்க்க வேண்டும். வால் ஓட்டுக்கு வெளியே நீளமாக நீண்டிருந்தால் ஆண். குட்டையாக இருந்தால் பெண். இது பெண். தேதி, இடம், காயம் உண்டா இல்லையா, எல்லாம் நோட்டில் ஏற வேண்டும். புதைக்க முடியாத இடத்தில் கிடந்தால் ஓட்டின் மேல் பெயின்டால் ஒரு கோடாவது போட்டுவிட்டு வர வேண்டும். இல்லாவிட்டால் அலை அதை இழுத்துப் போய் மறுநாள் இரண்டு கிலோமீட்டர் தள்ளிப் போடும். அங்கே இன்னொருவர் அதையே இன்னொரு ஆமை என்று எழுதிவிடுவார்.

அன்று இரவு அம்மாவுக்கு போன் செய்து சொன்னேன். "ஆமை புகுந்த வீடே உருப்படாதும்பாங்க. நீ அதைத் தேடிப் போயிருக்கே" என்றார்.

அந்த ஜனவரியில்தான் சென்னைக் கரையில் நூற்றுக்கணக்கான பங்குனி ஆமைகள் செத்து ஒதுங்கி, செய்தியெல்லாம் வந்தது. ஆமைக்கு நுரையீரல்தான், மூச்சு விட மேலே வந்தாக வேண்டும். இழுவலைக்குள் மாட்டி, வலையை மேலே தூக்க நேரமானால் மூச்சு முட்டிச் செத்துப்போகும். கரையை ஒட்டி விசைப்படகுகள் இழுக்கக் கூடாது என்று சட்டம் இருக்கிறது. ஆமை வெளியேறிப் போக வலையில் பொருத்தும் கருவியும் இருக்கிறது. அதைப் பொருத்தினால் மீனும் சேர்ந்து வெளியே போகிறது என்பது படகுக்காரர்களின் குறை. கிழக்குக் கரையில் 61 நாள் மீன்பிடித் தடைக்காலம் ஏப்ரல் 15-ல் தொடங்குகிறது. ஆமைகள் முட்டையிட வருவது பெரும்பாலும் ஜனவரி முதல் மார்ச் வரை. அதாவது ஆமை தன் வேலையை முடித்துக்கொண்டு கிளம்புகிற நேரத்தில்தான் தடை வருகிறது.

இதையெல்லாம் தெரிந்துகொண்ட சூட்டில், முதல் வாரமே டீக்கடையில் மீனவர்களைக் குறை சொல்லிப் பேசினேன். அண்ணன் டீயைக் குடித்து முடித்துவிட்டு, "என் மச்சான் விசைப்படகுலதான் கூலிக்குப் போறான்" என்று மட்டும் சொன்னார். அதற்குப் பிறகு நான் அப்படிப் பேசவில்லை. புதிதாக இந்த வேலைக்கு வருகிறவர்களிடம் நான் முதலில் சொல்வது இதுதான்: கரையில் நீங்கள் விருந்தாளி. ஊர்ப் பஞ்சாயத்தார் முகம் சுளித்தால் உங்கள் அனுமதிக் கடிதத்துக்கு அங்கே மதிப்பு இல்லை. ஆனாலும் அந்தக் கடிதத்தின் நகல் எப்போதும் பையில் இருக்க வேண்டும். பங்குனி ஆமை 1972-ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் பட்டியலில் இருக்கிறது. வனத்துறை அனுமதி இல்லாமல் முட்டையைத் தொட்டால், காப்பாற்றத்தான் தொட்டேன் என்று சொல்லித் தப்ப முடியாது.

வேலை என்பது நடை. ஆமை முட்டையிட்ட குழியைத் தேடிப் பிடித்து, முட்டைகளைப் பொரிப்பகத்துக்குக் கொண்டுவந்து மறுபடி புதைக்க வேண்டும். இரவு பதினொரு மணிக்குக் கிளம்பி, ஆறு கிலோமீட்டர் போய், ஒரு மணல்மேட்டில் உட்கார்ந்திருந்துவிட்டு, அதே ஆறு கிலோமீட்டர் திரும்பி வர வேண்டும். டார்ச்சில் சிவப்புக் கண்ணாடித்தாள் ஒட்டியிருப்போம்; முடிந்தவரை அதையும் போடுவதில்லை. பத்து நிமிடத்தில் கண் பழகிவிடும். செருப்புப் போட்டு நடந்தால் மணலில் கால் ஓயும், வெறுங்காலில் நடந்தால் கெளுத்தி முள்ளும் பீர்பாட்டில் சில்லும் ஏறும். கெளுத்தி முள் ஒரு முறை ஏறினால் அப்புறம் செருப்போடு நடக்கக் கற்றுக்கொள்வீர்கள். ஊரை ஒட்டிய அரைக் கிலோமீட்டரில் வேறு என்னென்ன மிதிபடும் என்பதை எழுத வேண்டாம், கடற்கரை ஊரைப் பார்த்தவர்களுக்குத் தெரியும்.

தடம் முதலில் கண்ணுக்குத் தெரியவே தெரியாது. எனக்கு எட்டாவது நாள்தான் தெரிந்தது. டிராக்டர் ஒன்று ஒற்றைச் சக்கரத்தில் கடலிலிருந்து ஏறி வந்து திரும்பிப் போனது போல, கிட்டத்தட்ட முக்கால் மீட்டர் அகலம். பங்குனி ஆமை இடதும் வலதும் மாறி மாறித் துடுப்பு வைத்து வருவதால், இரண்டு பக்கத்து அடிகளும் நேருக்கு நேர் இருக்காது. பச்சை ஆமையின் தடத்தில் இரண்டும் ஜோடி ஜோடியாக இருக்கும். ஏறிய தடம் எது, இறங்கிய தடம் எது என்பதை மணல் எந்தப் பக்கம் தள்ளப்பட்டிருக்கிறது என்று பார்த்துச் சொல்லலாம். இரண்டும் கலைந்து கிடக்கும் இடத்தில்தான் குழி இருக்கும். இல்லாமலும் இருக்கும், நாய் குரைத்தாலோ ஆள் வந்தாலோ சில ஆமை முட்டையிடாமலே திரும்பிவிடும்.

குழியைத் தேட ஒரு மெல்லிய குச்சி. கலைந்த மணலில் மெதுவாகச் செருகிக்கொண்டே வர வேண்டும். ஆமை முட்டையை மூடிவிட்டுத் தன் உடம்பால் தொம் தொம்மென்று மணலை இடித்துக் கெட்டியாக்கிவிட்டுப் போகும். ஆனால் குழியின் கழுத்துக்கு நேரே மட்டும் குச்சி திடீரென்று 'புசுக்' என்று இறங்கும். அங்கேயே நிறுத்திவிட வேண்டும். இன்னும் இரண்டு விரல்கடை அழுத்தினால் முட்டை உடையும். அண்ணன் கையில் அந்தக் குச்சி டாக்டர் கையில் ஸ்டெதாஸ்கோப் மாதிரி. என் கையில் இரண்டு வாரம் வரை அது வெறும் குச்சி.

இனி 23-ஆம் குழி.

பிப்ரவரி கடைசி வாரம். அண்ணன் தங்கை மகளுக்குக் காதுகுத்து, அவர் இல்லை. நானும் என்னைப் போலவே புதிதாக வந்த ஒரு தம்பியும் போனோம். விடியற்காலை ஐந்தரைக்கு, திரும்பி வரும் வழியில் ஒரு தடம். போகும்போது எப்படி அதைத் தவறவிட்டோம் என்று இன்றுவரை புரியவில்லை. அநேகமாகப் பேச்சு சுவாரஸ்யம். குச்சி புசுக்கென்று இறங்கியது. தோண்டினால் முட்டை. பிங்பாங் பந்து அளவில், வெள்ளையாக, அழுத்தினால் லேசாக உள்ளே போகும். எண்ணினேன், 118. என் வாழ்க்கையில் நானாகக் கண்டுபிடித்த முதல் குழி. தலைகால் புரியவில்லை.

புரிந்திருக்க வேண்டியது ஒன்று இருந்தது. தடத்தின் ஓரம் காய்ந்து உதிர்ந்துகொண்டிருந்தது. அதன் குறுக்கே ஊசியால் குத்தித் தைத்த மாதிரி நண்டுக் கால்கள் ஓடியிருந்தன. அதாவது ஆமை வந்து போய் வெகுநேரம் ஆகிவிட்டது. ஆமை முட்டைக்குள் கோழி முட்டையில் இருப்பது போல மஞ்சள் கருவைத் தாங்கும் முறுக்குக் கயிறு இல்லை. இட்ட சில மணி நேரத்தில் கரு மேலே வந்து ஓட்டின் உட்சவ்வில் ஒட்டிக்கொள்கிறது. அதற்குப் பிறகு முட்டையைப் புரட்டினாலும் குலுக்கினாலும் கரு செத்துவிடும். அதனால்தான் இட்ட சூட்டோடு எடுக்க வேண்டும், எடுத்த நிலையிலேயே திருப்பாமல் வைக்க வேண்டும், நேரமாகிவிட்டால் தொடவே கூடாது, தடத்தைக் கலைத்துவிட்டு அங்கேயே காவல் போட வேண்டும். பயிற்சியில் இதையெல்லாம் எழுதிக்கூட வைத்திருந்தேன்.

ஆனால் சற்றுத் தள்ளி மூன்று நாய்கள் நின்றுகொண்டிருந்தன. விட்டுவிட்டுப் போக மனம் வரவில்லை. 118-ஐயும் துணிப்பையில் அள்ளினேன். அள்ளினேன் என்றுதான் சொல்ல வேண்டும். தம்பியின் பைக் ஹேண்டில்பாரில் பையை மாட்டினோம். கப்பி ரோட்டில் நாலு கிலோமீட்டர். ஒவ்வொரு பள்ளத்திலும் பை ஆடியது எனக்கு இன்னும் கண்ணில் இருக்கிறது. பொரிப்பகத்தில் ஒன்றரை அடி ஆழத்துக்குக் குடுவை மாதிரி குழி எடுத்து, முட்டையை வைத்து, மூடி, 23 என்று பலகை நட்டபோது மணி எட்டு. வெயில் ஏறியிருந்தது.

பிறகு காத்திருப்பு. 45 நாள் தாண்டினால் ஒவ்வொரு குழியையும் மூங்கில் கூடையால் மூடிவிட்டு, இரவில் அரை மணிக்கு ஒரு முறை பார்ப்போம். 22-ஆம் குழி 48-ஆம் நாள் இரவு பொரிந்தது. முதலில் மணல் நடுவில் ஆட்டுக்கல் குழி மாதிரி ஒரு பள்ளம் விழும். அப்புறம் ஒன்றும் நடக்காது, பத்து நிமிடம், இருபது நிமிடம். பிறகு ஒரு மூக்கு. அது மட்டும் வெளியே தெரிந்தபடி அசையாமல் கிடக்கும். கீழே இருப்பவை மேலே இருப்பதை முட்டித் தள்ள, திடீரென்று பால் பொங்குவது போல மொத்தமும் பொங்கி வழியும். கையில் எடுத்தால் உள்ளங்கைக்குள் அடங்கும். ஆனால் துடுப்பு நம் விரலைத் தள்ளுகிற வலு, இவ்வளவு சின்னதுக்கு இவ்வளவா என்றிருக்கும். கூடையில் வெகுநேரம் வைத்திருக்கக் கூடாது. அந்த வலுவெல்லாம் கடலில் நீந்திப் போகச் சேர்த்து வைத்தது. மணலில் சில மீட்டர் அவையே நடந்து போகட்டும் என்று விடுவோம். அன்று ஊர்ப் பக்கம் கோயில் திருவிழாவுக்கு ஃபோகஸ் லைட் போட்டிருந்தார்கள். பாதிக் குஞ்சுகள் கடலை விட்டுவிட்டு அதை நோக்கித் திரும்பின. அவற்றுக்கு வெளிச்சம் எங்கே அதிகமோ அதுதான் கடல். அண்ணன் ஓடிப்போய்ப் பந்தல்காரரிடம் கெஞ்சி, கால் மணி நேரம் லைட்டை அணைக்க வைத்தார். அனுமதிக் கடிதத்தால் நடக்காத காரியம் அது.

24 பொரிந்தது. 25, 26 பொரிந்தன. 23 அப்படியே இருந்தது.

அறுபதாம் நாள் தோண்டிப் பார்த்தோம். ஒன்பது வெற்று ஓடுகள். எப்படியோ கூடையையும் தாண்டி, எங்களுக்குத் தெரியாமல் ஏதோ ஒரு இரவில் ஒன்பது மட்டும் பொரிந்து, கூட்டத்தோடு கூட்டமாகப் போயிருக்கின்றன. மீதி 109 முட்டை அப்படியே இருந்தது. ஒவ்வொன்றையும் திறந்து, உள்ளே எந்த நிலையில் நின்றது என்று எழுத வேண்டும். கீற்றுக் கொட்டகை நிழலில் உட்கார்ந்து திறந்தேன். நாற்றத்தைச் சொல்லி உங்களைக் கஷ்டப்படுத்தவில்லை. மூக்குக்குக் கீழே விக்ஸ் தடவிக்கொண்டால் கொஞ்சம் தாங்கும். சிலவற்றில் மஞ்சள் கூழ் மட்டும். பெரும்பாலானவற்றில் ஓட்டின் மேல்புறம் ஒட்டியபடி ஒரு சின்னப் புள்ளி, அவ்வளவுதான். எல்லாம் ஆரம்பத்திலேயே நின்றுபோனவை.

அதுவரை ஏதேதோ சமாதானம் வைத்திருந்தேன். அந்த ஏப்ரல் சரியான வெக்கை. மணல் அதிகம் சூடானால் முட்டை கெடும், கெடாதவையும் ஏறக்குறைய எல்லாமே பெண் குஞ்சாகிவிடும் என்பதும் உண்மைதான். காரணம் என்ற கட்டத்தில் 'வெப்பம்' என்று எழுதிவிட்டால் யாரும் கேட்கப் போவதில்லை. ஆனால் பக்கத்துக் குழிகள் அதே வெயிலில் பொரிந்திருக்கின்றன. வெயிலில் செத்திருந்தால் கடைசி நிலையில் செத்தவையும் கணிசமாக இருக்க வேண்டும். பேனாவை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அண்ணன் எட்டிப் பார்த்தார். திட்டுவார் என்று நினைத்தேன். "எத்தன மணிக்கு எடுத்தே, எதுல கொண்டாந்தே, அத எழுது. மத்தத ஆபீஸ்ல பாத்துக்குவாங்க" என்றார். எழுதினேன். தடத்தில் நண்டு ஏறியிருந்தது என்றும் எழுதினேன்.

அடுத்த சீசனுக்கான படிவத்தில் ஒரு புதுக் கட்டம் வந்தது: 'தடத்தின் மேல் நண்டு ஏறியிருந்ததா?' என் பெயர் அதில் இல்லை. நல்லவேளை.

கரையில் செடி நடும் வேலையைப் பற்றிக் கொஞ்சம். 2004 சுனாமிக்குப் பிறகு கடலோரம் நிறைய இடங்களில் சவுக்கு வைத்தார்கள். சவுக்கு சீக்கிரம் வளரும், விறகாகும், காற்றையும் தடுக்கும், எல்லாம் சரி. அதை அலை ஏறும் இடம் வரை நெருக்கி வைத்த கரைகளில் ஆமை குழி பறிக்க வந்தால் வேர் முட்டும். அந்த இடத்துக்கு உரியவை மணலில் படரும் அடும்புக் கொடியும் ராவணன் மீசைப் புல்லும்தான். சங்கப் பாட்டொன்றில் அடும்புக் கொடி சிதைய இழுத்துக்கொண்டு வந்துதான் ஆமை முட்டையிட்டுப் புதைக்கிறது. (அந்தப் பாட்டில் ஆண் ஆமை காவல் காக்கிறது. நிஜத்தில் ஆண் கரைப் பக்கமே வராது. புலவருக்கு ஆண்கள் மேல் நம்பிக்கை இருந்திருக்கிறது.) அடும்பு வைக்க நர்சரி கூட வேண்டாம். மழைக்காலத்தில் கணுவோடு ஒரு முழம் வெட்டி, கணு மண்ணுக்குள் போகிற மாதிரி புதைத்தால் போதும். அதைப் போட்டோ எடுத்தால் ஒன்றுமே தெரியாது என்பதுதான் அதன் ஒரே குறை.

ஆமை சீசன் முடிந்ததும் பலரை வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். என்னைக் கொள்ளிடத்துக்கு அக்கரையில், பிச்சாவரம் பக்கம் அலையாத்திக் காட்டு வேலைக்குக் கேட்டார்கள். அங்கே எனக்குக் கொடுத்த முதல் வேலை, செத்த கன்றுகளை எண்ணுவது. யாரோ விழா எடுத்து நட்டுவிட்டுப் போன, சுரபுன்னை என்ற அலையாத்தி மரத்தின் கன்றுகள். சிலவற்றின் பிளாஸ்டிக் பையைக்கூடக் கிழிக்கவில்லை. உப்பு மண்ணில் வளரும் உமரிச் செடி மட்டுமே முளைத்திருக்கிற ஒரு வெட்டவெளிச் சேற்றில், வரிசை தப்பாமல், அத்தனையும் குச்சியாக நின்றன.

ஏன் செத்தன என்பதை எனக்குப் புரிய வைத்தது கூட வேலை செய்த ஓர் இருளர் அக்கா. தண்ணீருக்குள் உட்கார்ந்து கையாலேயே தடவி இறால் பிடிக்கிறவர். "இங்க தண்ணி வரும், போகாது" என்றார். அவ்வளவுதான் விஷயம். அந்தக் காலத்தில் இந்தக் காட்டைப் பகுதி பகுதியாக மொட்டையடித்திருக்கிறார்கள். வெயில் பட்டுச் சேறு காய்ந்து இறங்கி, நடுவில் தாம்பாளம் மாதிரி பள்ளம் விழுந்துவிட்டது. கடல் ஏற்றத்தில் ஏறுகிற உப்புத்தண்ணீர் கடல் வற்றத்தில் வடியாமல் அங்கேயே நின்று, வற்றி, உப்பு ஏறிக்கொண்டே போகிறது. அதில் எதை நட்டாலும் சாகும். வனத்துறையும் எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனமும் 1990-களில் இங்கே செய்து பார்த்த வழி வாய்க்கால் வெட்டுவது. நடுவில் ஒரு பெரிய வாய்க்கால், அதிலிருந்து இரண்டு பக்கமும் சாய்வாகச் சின்ன வாய்க்கால்கள். மேலிருந்து பார்த்தால் மீன் முள். தண்ணீர் வந்து போக ஆரம்பித்தால் உப்பு இறங்கும். கன்றை நட வேண்டியது வாய்க்காலின் சரிவில், நடு உயரத்தில். அடியில் வைத்தால் மூழ்கும், மேட்டில் வைத்தால் காயும்.

இன்னொரு அலையாத்தி மரமான வெண்கண்டலின் விதை மொச்சை மாதிரி இருக்கும். சுரபுன்னைக்கு மரத்திலேயே முளைவிட்டு முருங்கைக்காய் போல நீண்டு தொங்கும். மழைக்காலத்தில் பொறுக்கியதை வெண்கண்டலாக இருந்தால் ஓரிரவு ஊறவைத்து, தோல் கழன்றதும் பாதி புதைய அழுத்திவிட வேண்டும். முழுக்கப் புதைத்தால் அழுகும்.

சேற்றில் நடப்பது ஒரு தனிப் படிப்பு. நின்றால் இறங்குவீர்கள். காலை ஊன்றாமல் சறுக்கிக்கொண்டே போக வேண்டும். சேற்றுக்கு மேலே நீட்டிக்கொண்டிருக்கும் மூச்சுவேர் குத்தும், சிப்பி கிழிக்கும். பழைய சாக்ஸ் இரண்டு மாட்டிக்கொண்டால் ஷூவைவிட மேல். ஷூவைச் சேறு வாங்கிக்கொள்ளும், திருப்பித் தராது. தில்லை மரத்தின் கிளையை மட்டும் ஒடிக்காதீர்கள். சிதம்பரத்துக்குத் தில்லை என்று பேர் வந்த அதே மரம்தான். பால் கண்ணில் பட்டால் பார்வைக்கே ஆபத்து. நான் வழியை மறைத்த ஒரு கிளையை ஒடித்துவிட்டு, வியர்வையைத் துடைக்கக் கையைத் தூக்கினேன். அந்த அக்கா என் மணிக்கட்டைப் பிடித்து, அப்படியே குடத்துத் தண்ணீரில் முக்கினார். முகத்தில் ஒரு பக்கம் மட்டும் இரண்டு நாள் எரிந்தது.

சம்பளத்தைப் பற்றிக் கேட்பீர்கள். எனக்கு மாதம் பன்னிரண்டாயிரம், தங்க ஒரு அறை, மூன்று மாதத்தில் இரண்டு முறை தாமதம். சேருவதற்கு முன்பே நான்கு விஷயம் எழுத்தில் கேளுங்கள்: எத்தனை மாதம், விபத்துக் காப்பீடு உண்டா, பெட்ரோல் யார் கணக்கு, வார விடுப்பு எந்த நாள். 'ஆர்வம் இருந்தால் போதும்' என்று சொல்லும் இடத்தில் இந்த நான்கையும் இரண்டு முறை கேளுங்கள். பெண்ணாக இருந்தால் இன்னொன்று: இரவு நடைக்கு வரும் ஊர்க்காரர் வீட்டுக்குப் பகலில் ஒரு முறை போய், அவர் மனைவியோடு உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டு வாருங்கள். அதற்குப் பிறகு ஊர் உங்களைப் பார்க்கிற பார்வையே வேறு. அண்ணி வைத்த மத்திக் குழம்புதான் எனக்கு அந்தக் கரையில் பாதுகாப்பு.

நவம்பரில் வாய்க்கால் சரிவில் 400 வெண்கண்டல் விதை ஊன்றினோம். டிசம்பர் கடைசியில் எண்ணியபோது 291 நின்றது. மீதியில் பாதி ஆடு தின்றது, கொஞ்சம் வண்டலில் மூழ்கியது. எண்ணி முடித்து, சேற்றுக் கையோடு போனை எடுத்துப் பார்த்தால் அண்ணனிடமிருந்து ஒரு வாய்ஸ் மெசேஜ், பின்னால் அலைச் சத்தம்.

"மொதத் தடம் கெடச்சிருச்சு பாப்பா. இன்னும் நண்டு ஏறல."